மிதக்காத பஞ்சு

என் வாழ்க்கையில் நான் தலைகீழாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிற ஒரே பொருள் ஒரு படகு. அதில் நான் ஒரு நாளும் ஏறியதில்லை. எனக்குக் கணவராக இருந்தவர் செய்த படகு அது. எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டில் எங்கள் அத்தாவின் மரவாடியில், சவுக்குக் கட்டைகளுக்கும் தேக்குப் பலகைகளுக்கும் இடையே ஒரு தகரக் கொட்டகையின் கீழ் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தது. அதே காலத்தில் நானும் அந்த வாடியை ஒட்டிய வீட்டின் பின்கட்டில் கிடந்தேன். எங்கள் இருவரையும் அங்கே கொண்டுவந்து போட்டவர் அவர்தான். படகைப் பார்க்க மட்டும் ஞாயிறு தவறாமல் வருவார்.

நான் பிறந்த வீட்டுக்குத் திரும்பியதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. எனக்கு வாய் நீளம். அவர் பட்டணத்தில் ஒரு கம்பெனியில் வரைபடம் போடும் வேலையில் இருந்தார். கல்யாணமான புதிதில், என் சமையலைப் பற்றித் தன் தங்கையிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். நான் அவருடைய குட்டை உருவத்தைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தேன். அவர் சிரித்தால் தமாஷ், நான் சிரித்தால் திமிர். இப்படி நாலைந்து தடவை ஆனதும் என்னை ரயிலேற்றி அழைத்துவந்து, "வாய் அடங்கட்டும் மாமா, அப்புறம் வந்து கூட்டினு போறேன்" என்று அத்தாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். தலாக்கும் சொல்லவில்லை, கூட்டிப் போகவும் இல்லை. கட்டிக்கொடுத்த பெண்ணும் இல்லை, கட்டிக்கொடுக்காத பெண்ணும் இல்லை என்று நான் ரெண்டுங்கெட்டானாக நின்றேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிறு காலை அவர் வாசலில் வந்து நின்றபோது அம்மா பிரியாணிச் சட்டியையே அடுப்பில் ஏற்றிவிட்டாள். அவரோ கையிலிருந்த நீளமான காகிதச் சுருளைக் கட்டிலில் விரித்து, "மாமா, இத ஒங்க வாடில செஞ்சிக்கலாமா?" என்றார். அவருடைய கம்பெனி துரைகள் துறைமுகத்துப் பக்கம் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்கள். அவர்களோடு போய்ப் பழகி, சொந்தமாக ஒரு பந்தயப் படகு வேண்டும் என்ற பைத்தியம் இவருக்கும் பிடித்திருந்தது. அத்தா வாடியையே தூக்கிக் கொடுக்கிற மாதிரி தலையாட்டினார். படகு முடிகிறவரை மாப்பிள்ளை வந்துகொண்டிருப்பார், வந்துகொண்டிருந்தால் மனசு இளகும், இளகினால் பெண்ணை அழைத்துப் போய்விடுவார் என்பது எங்கள் வீட்டார் போட்ட திட்டம். "அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும்டி" என்றாள் அம்மா. அம்மி நகரும், இந்த மனிதர் நகரமாட்டார் என்றேன். என் வாயைப் பொத்தினாள்.

அவருக்கு அங்கே ஒரு அடிமையும் கிடைத்தான். என் தம்பி. பி.யூ.சி.யில் கோட்டை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவன். அத்தா தினம் ஒரு வேளையாவது அவனைத் தண்டச்சோறு என்று சொல்லாமல் சாப்பிடமாட்டார். மச்சான் "டேய், அந்த உளிய எடு" என்றதும் அவனுக்குப் பதவி கிடைத்த மாதிரி இருந்தது. பின்கட்டு ஜன்னலுக்கு நேரே கொட்டகை. அவர்கள் பேசுவது ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்கும். எனக்கு வேறு வேலையும் இல்லை.

அது ரெண்டே பேருக்கான படகு. ஒருவர் பின்பக்கம் உட்கார்ந்து ஒரு கையால் சுக்கானையும் மறு கையால் பெரிய பாயின் கயிற்றையும் பிடித்துக்கொள்வார். அவர்தான் எஜமானர். இன்னொருவன் முன்பாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்று பலத்தால் படகு ஒரு பக்கம் சாயுமல்லவா, அப்போது அவன் எதிர்ப்பக்கம் படகை விட்டே வெளியே போய்விட வேண்டும். பாய்மரத்தின் உச்சியிலிருந்து வரும் ஒரு மெல்லிய கம்பியில் இடுப்புக் கொக்கியை மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பில் பாதங்களை ஊன்றி, தண்ணீருக்கு மேலே மல்லாந்து நிற்க வேண்டும். அவன் உடம்புதான் எடைக்கல். படகின் வயிறு தட்டை. வேகம் பிடித்தால் தண்ணீரைக் கிழிக்காமல் அதன் மேலே ஏறி வழுக்கிக்கொண்டு ஓடும் என்றார். பக்கப் பலகையும் அடிப்பலகையும் சேருமிடம் வளையாமல் கூர்மையாக மடிந்திருந்தது. முன்பக்கத்தில் கூரான மூக்கும் கிடையாது, வெட்டிவிட்ட மாதிரி சப்பை. மரம் வாங்க வந்த ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா பாய், மய்யத்து தூக்கற சந்தூக்கா? இம்மாம் பெருசா கீது, ரெண்டு பேர ஒண்ணா தூக்கவா?" என்று கேட்டார். படகைப் பார்த்துப் பிணம் தூக்கும் பெட்டியா என்கிறார், எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தே சிரித்தேன். கொட்டகையில் சுத்தியல் சத்தம் ஒரு நிமிஷம் நின்றது.

அன்று மாலை அவர் என் தம்பிக்குப் பாடம் நடத்துகிற பாவனையில் ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்: "சும்மா கீற எதுவும் இந்தப் படகுல இருக்கக் கூடாது. ஒரு ஆணி அதிகமானாலும் அது சொமதான். சொமய எறக்கி வச்சாத்தான் ஓட்டம்." யாருக்குச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. அத்தாவுக்கும் புரிந்தது. அத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு, மாப்பிள்ளைக்கு டீ கொண்டுவரச் சொன்னார்.

பட்டணத்திலிருந்து அலுமினியக் கம்பம் வந்தது. அது காற்றுக்கு வளைய வேண்டுமாம், வளைந்தால்தான் பாய் சரியான வடிவத்துக்கு வருமாம். படகின் இரண்டு பக்கமும் காற்றறைகளை அடைத்து மூடினார்கள். கவிழ்ந்தாலும் படகு மூழ்காது, ஒருக்களித்து உயரமாக மிதக்கும். நடுவில் ஒரு நீளப் பொந்து, அதில் ஏற்றி இறக்குகிற மாதிரி ஒரு பலகை. படகு கவிழ்ந்தால் அந்தப் பலகையின் மேல் ஏறி நின்று மிதித்து நிமிர்த்த வேண்டும். படகின் அடியில் சின்னதாக ஒரு வாய். ஓடும்போது அதைத் திறந்துவிட்டால் உள்ளே விழுந்த தண்ணீரை அதுவே உறிஞ்சி வெளியே துப்பிவிடும். இவ்வளவு யோசித்திருக்கிறார். ஒரு பெண் பின்கட்டில் கிடக்கிறாளே என்று மட்டும் யோசிக்கவில்லை.

முதலில் கொளவாய் ஏரியில் விட்டார்கள். ஏரியை ஒட்டி ரயில் போகும். ரயிலில் இருப்பவர்கள் ஜன்னலில் தலையை நீட்டி, "டேய், இன்னாடா பல்லி மாதிரி தொங்கிகினு கீற!" என்று என் தம்பியைப் பார்த்துக் கத்துவார்களாம். இடுப்புக் கச்சையைக் கித்தான் துணியில் நான்தான் தைத்துக் கொடுத்தேன். அவன் முருங்கைக்காய் மாதிரி இருப்பான். காற்று கொஞ்சம் ஏறினாலே அவன் எடை போதாமல் படகு சாய்ந்துவிடும். "பொணமே, வெளிய போடா! இன்னும் போடா, பொணமே!" என்று அவர் போடுகிற சத்தம் ஏரிக்கரையில் துணி துவைக்கிறவர்களுக்கெல்லாம் கேட்கும் என்று எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற பெண் வந்து சொன்னாள். தம்பியைக் கேட்டேன். "அக்கா, அந்தக் கம்பில நின்னு பாத்தாதான் தெரியும். காத்து தூக்கினா, கீழ தண்ணி பறக்கும். அந்த நேரம் அவரு இன்னா திட்டினாலும் காதுல வுழாது" என்றான். இடுப்பெல்லாம் கன்றிப்போயிருந்தது, முகம் மட்டும் பளபளவென்று இருந்தது.

மாமல்லபுரம் கடலில் ஒரு பந்தயம் வருகிறது என்று பேச்சு வந்தபோதுதான் எடைப் பிரச்சினை முற்றியது. கடல் காற்றுக்கு இந்த முருங்கைக்காய் தாங்காது. வெளிநாட்டில் கம்பியில் தொங்குகிறவர்கள் கம்பளிச் சட்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு எடை கூட்டிக்கொள்கிறார்கள் என்று அவர் ஏதோ பத்திரிகையில் படித்திருந்தார். செங்கல்பட்டில் கம்பளிக்கு எங்கே போவது? உள்ளே பஞ்சு வைத்து ஒரு கோட்டு தைக்கச் சொல்லி என் தம்பி மூலம் உத்தரவு வந்தது. அம்மா ஒரு பழைய மெத்தையைப் பிரித்துக் கொடுத்தாள். நான் கட்டம் கட்டமாகத் தையல் போட்டு, கை இல்லாத கோட்டு ஒன்றைத் தைத்து அனுப்பினேன்.

வாடித் தொட்டியில் போட்டு அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். கோட்டு மேலே வந்து மேலே வந்து நின்றது. மெத்தையில் இருந்தது இலவம்பஞ்சு. இலவம்பஞ்சு தண்ணீர் குடிக்காது. அவர் சொட்டச் சொட்ட அதை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கே வந்துவிட்டார். அத்தனை மாதங்களில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"இது மெதக்குது. எனக்கு மெதக்கிற பஞ்சு வேணாம். பருத்திப் பஞ்சு வையி."

"வுழுந்துட்டான்னா?" என்றேன்.

"வுழாம இருக்கத்தான் கோட்டே."

அவ்வளவுதான். ஆனால் சமையலறையிலிருந்து அம்மா கேட்டுவிட்டாள். "மாப்ள பேசிட்டாரு! அல்லாவே, மாப்ள பேசிட்டாரு!" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று சேமியா பாயசம் காய்ச்சி அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினாள். நான் பருத்திப் பஞ்சு வைக்கமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா என் மோவாயைப் பிடித்துக் கெஞ்சினாள். அத்தா என்னோடு பேசுவதை நிறுத்தினார். கடைசியில் தம்பியே வந்து, "நீ தச்சிக் குடுக்கா, எனக்கு ஒண்ணும் ஆவாது" என்றான். இலவம்பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பருத்தியை அடைத்தேன். அடைத்தது நான், அடைக்கச் சொன்னது அவர், அடைத்துக் கொடு என்று அழுதது அம்மா, போட்டுக்கொண்டது அவன். பாவத்தை யார் யாருக்குப் பங்கு போடுவது என்று நான் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை.

மாமல்லபுரத்துக்குப் படகு லாரியில் போனது. நாங்கள் வாடகைக்கு ஒரு வேன் பிடித்துப் பின்னாலேயே போனோம். வேனில் அத்தா சொன்னார்: "இன்னிக்கு மனுசன் சந்தோசமா கீற நேரமா பாத்துக் கேட்டுடறேன். நீ மட்டும் வாய தொறக்காத, உன் கால்ல வேணா வுழறேன்." எனக்கும் ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். அடுத்த தெருவில் ஒரு கல்யாணம் என்றால் என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். என் வயதுப் பெண்கள் இடுப்பில் குழந்தையோடு வந்து, "இன்னும் இங்கதான் கீறியா?" என்று கேட்கிறார்கள். என் வீடு என்று ஒரு கதவு, அதற்கு உள்ளிருந்து நான் போடுகிற தாழ்ப்பாள், இவ்வளவுதான் நான் கேட்டது. அதற்காக வாயை மூடிக்கொள்ள அன்று நிஜமாகவே தயாராக இருந்தேன்.

துரைகளும் துரைசானிகளும் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் புர்காவும் தூக்குச்சட்டியுமாக மீனவர்களின் கட்டுமரங்களுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தோம். கடற்காற்று ஏறி அலையின் தலைகள் வெளுத்திருந்தன. அவர் என் தம்பியைக் கோட்டோடு கடலில் முக்கி எடுத்தார். அவன் எழுந்து நடந்தபோது நனைந்த எருமையின் நடை இருந்தது. எங்களைப் பார்த்துக் கையை ஆட்ட முயன்றான், கை முழுசாக மேலே போகவில்லை.

போகும்போது அந்தப் படகு அழகாகத்தான் போனது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மூக்கறுந்த அந்தப் பெட்டி அலைமேல் ஏறி வழுக்கிக்கொண்டு ஓட, என் தம்பி கம்பியில் தண்ணீருக்கு மேலே கிடைமட்டமாக நின்றான். மற்ற படகுகள் பின்தங்கின. அத்தா துஆ ஓத ஆரம்பித்தார். திரும்பும்போது காற்று முதுகுக்குப் பின்னால். அதற்கென்றே புதிதாக வாங்கிய பலூன் பாய், சிவப்பும் வெள்ளையுமாக முன்னால் உப்பி விரிந்தது. மடக்கு நாற்காலிக்காரர்கள் கை தட்டினார்கள். கை தட்டி முடிப்பதற்குள் படகு ஒருக்களித்து விழுந்தது.

காற்றறை உள்ள படகு கவிழ்ந்தால் உயரமாக மிதக்கும் என்று சொன்னேனே, அப்படி மிதப்பதைக் காற்று வேகமாகத் தள்ளிக்கொண்டு போகும். அவர் படகைப் பிடித்துக்கொண்டிருந்தார். என் தம்பி அதிலிருந்து விடுபட்டுத் தனியாக விழுந்திருந்தான். படகு கரைப்பக்கமாக வர வர, அவன் தலை கடல்பக்கமாகப் பின்னால் போனது. அவர் பலகைமேல் ஏறி நின்று மிதித்தார், படகு நிமிர்ந்தது. உள்ளே தாவினார். திரும்பிப் பார்த்தார். பார்த்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது, என் கண்கள் அப்போது நல்ல கண்கள். இனி சுக்கானைத் திருப்பிக் காற்றுக்கு எதிராகக் கொஞ்ச தூரம் போனால் போதும், அவனை எடுத்துவிடலாம். அவர் குனிந்து, தண்ணீரில் கிடந்த அந்தச் சிவப்பு வெள்ளைத் துணியைக் கை கையாக இழுத்துச் சுருட்டத் தொடங்கினார். சுருட்டிக்கொண்டே கரைக்கு வந்தார்.

"அவரு பாத்துக்குவாரு" என்றார் அத்தா.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் எழுந்து நின்றார். "போட்டு தனியா வருது, ஆளு தனியா கீறான் சாயபு" என்றார். நான் முகத்துணியைத் தூக்கி எறிந்துவிட்டு, "போங்கண்ணே, போங்க! கை தூக்க முடியாது அவனுக்கு! கோட்டு கீது!" என்று கத்தினேன். அவர்கள் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் போய்ச் சேரும்வரை நான் எதைப் பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. அம்மா மணலில் அடித்துக்கொண்டது மட்டும் காதில் கேட்டது.

கொண்டுவந்து போட்டார்கள். உயிர் இருந்தது. கோட்டைக் கத்தியால் கிழித்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது. ஊறிய பருத்தி நெஞ்சில் இறுகி, நீந்தக் கையை விடவில்லை. கட்டுமரத்தில் ஏறவும் விடவில்லை, தலைமயிரைப் பிடித்துத்தான் தூக்கினார்களாம். அவன் குப்புறக் கிடந்து உப்புத் தண்ணீராகக் கக்கினான். அவர் அந்த நேரம் தன் படகைச் சுற்றி நடந்து, மடிப்பு மடிப்பாக விரலால் தடவி, வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். விடவில்லை. அப்புறம்தான் எங்களிடம் வந்தார்.

"பலூன் பாய் அடியில போயிடுச்சி. திருப்பியிருந்தா மாட்டிக் கிழிஞ்சிருக்கும். மொத தடவ வெளிய எடுத்தது மாமா" என்றார். "அவன் நீஞ்சுவான்னு தெரியும்."

படகு முழுசாகக் கரை சேர்ந்ததில் மனிதருக்கு நல்ல குஷி. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, யாரும் கேட்காமல் அவராகவே சொன்னார்: "வர்ற வெள்ளிக்கிழம வந்து கூட்டினு போறேன் மாமா. ரெடியா இருக்கச் சொல்லுங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அத்தா. அம்மா தம்பியின் தலையை மடியில் வைத்தபடியே அழுதுகொண்டு சிரித்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் வர்ல" என்றேன்.

"இன்னாமா?"

"நான் வர்ல அத்தா. தண்ணில கெடக்கிறவன பாத்துட்டுத் துணி சுருட்டின ஆளோட நான் குடும்பம் நடத்த மாட்டேன். அவுருக்கு ஒரு ஆணி கொறஞ்சதா இருக்கட்டும்."

அவர் கோபப்படவில்லை. அத்தாவைப் பார்த்து, "சொன்னேன் இல்ல? இன்னும் அடங்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு லாரிப் பக்கம் போனார். அம்மா என்னை அடித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு வலிக்கவில்லை. தம்பிக்காக ஒரு காரியம் செய்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்து இருந்தது.

வேனில் அவன் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். செங்கல்பட்டு நெருங்கியது. கரகரத்த குரலில், "யாரு கேட்டா உன்ன?" என்றான்.

"டேய், அவரு உன்ன சாவடிச்சிருப்பாருடா."

"ஒரு வருசம் பொணம் பொணம்னு திட்டு வாங்கினது யாருக்கு? அந்தக் கருமத்த போட்டுகினு தொங்கினது யாருக்கு? உப்புத் தண்ணி குடிச்சது யாருக்கு? அவரு வாயால கூட்டினு போறேன்னு சொன்னாரு. நீ ஒரே வார்த்தைல தூக்கி கெடாசிட்ட." அவன் அழுதுகொண்டே சொன்னான். நான் தூக்குச்சட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

ஜமாஅத்தில் பேசித் தீர்த்துத் தலாக் வந்தது. படகை எடுத்துப் போக அவர் லாரியோடு வந்த அன்று அத்தா அவருக்கு நாஸ்தா வாங்கிக் கொடுத்தார், பழக்கம் விடவில்லை. படகின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தவன் என் தம்பி. அதே லாரியில் ஏறிப் போனான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் ரயிலுக்கே அவன் பட்டணம் கிளம்பிவிடுவான். புதிதாக ஒருவனைப் பழக்குவதை விட இவனே மேல் என்று அவர் சொல்லியிருந்தாராம். அதை ஒரு சர்ட்டிபிகேட் போல என்னிடமே வந்து சொன்னான்.

அடுத்த வருஷம் அவருக்குக் கல்யாணம் ஆனது. என் தம்பி போய் வந்தான், சட்டையில் அத்தர் மணத்தோடு. பொண்ணு எப்படி என்று கேட்டேன்.

"அதிகம் பேச மாட்டாங்க" என்றான்.

"இன்னொரு வாட்டி நீ தண்ணில வுழுந்தா அந்தாளு திரும்புவாரா?"

"திரும்ப மாட்டாரு" என்றான் உடனே. "அதான் நான் வுழறதேயில்ல."

அதைச் சொன்னபோது அவன் முகத்தில் இருந்தது பெருமை. உனக்காகத்தானேடா விட்டேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் சிரிப்பான் என்று தெரிந்ததால் சொல்லவில்லை. கையில் இருந்த பொட்டலத்தை என் முன்னால் வைத்தான். எனக்காகத் தனியாக வாங்கி வந்தானாம், கல்யாண பிரியாணி. ஆறிப்போவதற்குள் சாப்பிடச் சொன்னான். அவன் பார்த்துக்கொண்டிருக்க நான் பிரித்துச் சாப்பிட்டேன். கறி நன்றாக வெந்திருந்தது.